பேச்சியம்மாளுக்குக் கண்ணீர் அஞ்சலி

“இனிமேல் எழுதப் போறதில்லம்மா” என்றார் அருமைநாதன்.

திலகவதி அச்சகத்து மேசையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான்கு நாவல்கள் எழுதியவர். சாத்தூரில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போஸ்டர் அடிப்பது பிழைப்பு. அருமைநாதனைவிட வயதில் இளையவர். ஆனாலும் அருமைநாதன் அவரைத்தான் குருவாக வரித்திருந்தார்.

“அப்படியா, அண்ணாச்சி” என்றார் திலகவதி.

அதற்குமேல் ஏதாவது சொல்வார் என்று அருமைநாதன் காத்திருந்தார்.

சித்திரையில் இதே நாற்காலியில் உட்கார்ந்து, தான் எழுதும் நாவலைப் போல் தமிழில் ஒன்று வந்ததே இல்லை என்று அடித்துச் சொன்னவர் அவர். ஆடியில் வந்தபோது, மருந்துக்கடைக்காரனுக்கு எதற்கு இந்த வேலை என்று அழுதார். ஐப்பசியில் மறுபடியும் தலை நிமிர்ந்தது.

எப்போது வந்தாலும் திலகவதி ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

“பேச்சி எப்படி இருக்கா?”

பேச்சியம்மாள் அருமைநாதன் எழுதும் நாவலின் நாயகி. அவர் அதற்குப் பதிலாகத் தன்னைப் பற்றியே பேசிவிட்டுப் போவார்.

இன்று திலகவதி அதையும் கேட்கவில்லை.

“எப்ப நிறுத்துனீங்க?”

“இன்னைக்குக் காலைல.”

“வயசு?”

“எனக்கா? அம்பத்தி மூணு.”

“பேச்சிக்கு.”

“நாப்பத்தொண்ணு.”

“எந்தத் தெருவுன்னு எழுதியிருந்தீங்க?”

“காளியம்மன் கோவில் தெரு.”

“சரி. டீ சொல்றேன், குடிச்சிட்டுப் போங்க.”

ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. அருமைநாதன் டீக்கு நிற்காமல் எழுந்து போனார்.

மறுநாள் காலை கடையைத் திறந்துகொண்டிருந்தபோது, பூக்கடை மாடசாமி ரோஜா மாலையோடு வந்து நின்றார்.

“எத்தன மணிக்கு எடுக்கிறாங்க, அண்ணாச்சி?”

“எதை?”

மாடசாமி எதிர்ச் சுவரைக் காட்டினார்.

கண்ணீர் அஞ்சலி. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குத்துவிளக்கு. காளியம்மன் கோவில் தெரு திருமதி பேச்சியம்மாள், வயது 41, நேற்று காலை அகால மரணமடைந்தார். துயருடன், மருந்துக்கடை அருமைநாதன்.

அருமைநாதன் ஷட்டரைப் பிடித்துக்கொண்டார்.

“உங்களுக்கு என்ன முறை வேணும்?” என்று மாடசாமி மெதுவாகக் கேட்டார்.



அதற்குள் வீட்டிலிருந்து மனைவி ரெத்தினம் வந்துவிட்டாள். தலையைக்கூட வாரி முடிந்திருக்கவில்லை.

“யாருங்க அந்தப் பேச்சியம்மா? இத்தன வருஷமா எனக்குத் தெரியாம?”

“அவ... நான் எழுதுற கதையில வர்றவ.”

“கதையில வர்றவளுக்கு யாராவது போஸ்டர் ஒட்டுவாங்களா? நான் என்ன கேனச்சியா?”

மாடசாமி மாலையை மேசைமேல் வைத்துவிட்டு நழுவினார்.

அருமைநாதன் கடையைப் போட்டது போட்டபடி ஓடினார். பள்ளிக்கூட மதிலில் பேச்சியம்மாள். ரேஷன் கடைச் சுவரில் பேச்சியம்மாள். பசை இன்னும் காயவில்லை. ஒரு கிழவி அதன் முன் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அச்சக வாசலில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே போனார்.

“என்னம்மா இது? உயிரோட இருக்கிறவளுக்கு!”

“நேத்து நீங்கதான வந்து சொன்னீங்க?”

“நான் எழுதலன்னு சொன்னேன். அவ செத்துட்டான்னு சொன்னேனா?”

திலகவதி நிமிர்ந்து பார்த்தார்.

“உங்கள விட்டா அவளுக்கு யாரு இருக்கா, அண்ணாச்சி?”

“அவ சாகல!”

அந்தக் கத்தலில் மெஷின் ஓட்டுபவர் மெஷினை நிறுத்தினார்.

“அப்ப எங்க இருக்கா?”

“பஸ் ஸ்டாண்டுல. மகளைப் பார்க்க மதுரைக்குக் கிளம்பி நிக்கிறா. கையில ஒயர்க் கூடை.”

“பஸ் வந்துருச்சா?”

“வந்து நிக்குது. கண்டக்டர் கூப்பிடுறான்.”

“ஏறிட்டாளா?”

அருமைநாதன் வாயைத் திறந்தார்.

அவளை அந்த பஸ்ஸில் ஏற்றத்தான் இத்தனை மாதமும் எழுதினார். படியில் ஏற்றினார், ஜன்னலோரம் உட்கார வைத்தார், டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் எழுதிய பக்கம் செத்துக் கிடந்தது. கிழித்துப் போட்டார்.

“ஏற மாட்டாம்மா” என்றார்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. யாரோ பேசியதுபோல் திரும்பிப் பார்த்தார்.

“ஏன்?” என்று கேட்டார் திலகவதி.

சட்டைப் பையில் பேனாவைத் தேடியபடி அருமைநாதன் தெருவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். செருப்பு வாசலிலேயே கிடந்தது.