சீட்டின் இரண்டாவது வரி

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெபக்கனிக்கு ஒரே ஒரு சீடர். குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடர் உலகநாதனுக்கு நாற்பத்தொன்பது. வேலை பார்த்த மில்லை மூடியதும் வேறு போக்கில்லாமல் அவளிடம் வந்து தொழில் பழகினவர். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அதில் இரண்டு பேருக்கும் ஒரு கூச்சமும் கிடையாது.

கைக்குத் தொழில் வந்தால் வாய்க்கும் கொஞ்சம் மிதப்பு வரத்தானே செய்யும்? இரண்டு வருஷத்தில் உலகநாதனுக்கு அதுவும் வந்துவிட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம், பத்திர எழுத்தர் நமச்சிவாயம் போன் பண்ணினார். பத்திரம் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்கிரீன் கறுத்துப் போகிறதாம். கொஞ்ச நேரத்தில் தானாக வருமாம், மறுபடி போகுமாம். கிரயம் பண்ண வந்தவர்கள் நல்ல நேரம் போகிறதே என்று கத்துகிறார்களாம்.

ஜெபக்கனி தங்கச்சி பேறுகாலத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள். உலகநாதன் தனியாகப் போனார்.

அங்கே பத்திரம் அடிப்பவள் முத்தரசி. அப்பா இல்லாத பெண். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நமச்சிவாயம் சொன்னார்.

“மெஷினுக்கு ஒரு கேடும் இல்ல வே. பெட்டியில லைட்டு எரியுது, காத்தாடி சுத்துது, ஸ்கிரீன் மட்டும் அமந்து கிடக்கு. இவளே அமத்திட்டு போனை நோண்டுதா.”

“சத்தியமா இல்ல அண்ணாச்சி. நான் அதைத் தொடவே இல்ல.”

உலகநாதன் வயர்களைக் கழற்றி, சி.பி.யு. பெட்டியைத் துணியில் சுற்றினார்.

“மானிட்டரையும் கொண்டுபோய்ப் பாருங்களேன் அண்ணாச்சி,” என்றாள் முத்தரசி.

“எனக்குத் தெரியாதாம்மா?” என்று சிரித்துவிட்டு ஸ்கூட்டரில் பெட்டியை ஏற்றினார்.

கடையில் அதைக் கடை மானிட்டரில் மாட்டி இரண்டு நாள் ஓடவிட்டார். உள்ளே இருந்த ராம் மெமரித் தகட்டைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை. திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்து, சர்வீஸ் சீட்டில் எழுதினார்: மெஷினில் பழுது இல்லை.

“அப்ப யாரு மேல தப்பு? அதையும் எழுதும்,” என்றார் நமச்சிவாயம்.

பெரிய மனுஷன் கேட்கிறார். இன்னும் நாலு இடத்தில் சொல்லி வேலை வாங்கித் தருவார். உலகநாதன் அடுத்த வரியையும் எழுதினார்: உபயோகிப்பவரின் கவனக்குறைவு. கீழே கையெழுத்துப் போட்டார். முத்தரசி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சாயந்திரமே அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் நாற்காலியில் நமச்சிவாயத்தின் மச்சினன் வந்து உட்கார்ந்தான். மழை விட்டிருந்த நாளெல்லாம் ஒழுங்காக ஓடிற்று. கார்த்திகையில் மழை மறுபடி ஊற்றியதும், மச்சினன் முகத்துக்கு முன்னாலேயே ஸ்கிரீன் கறுத்தது. மச்சினன் போனை நோண்டுகிறான் என்று யாரும் சொல்லவில்லை. மெஷின் கெட்டுப்போச்சு, உடனே வாரும் என்று போன் வந்தது. நியாயம் எப்படி ஆளுக்கு ஆள் மாறுகிறது பாருங்கள்.

ஊரிலிருந்து திரும்பியிருந்த டீச்சரையும் உலகநாதன் கூட்டிக்கொண்டு போனார்.

ஜெபக்கனி பெட்டியைத் திறக்கவில்லை. ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அரைமணி நேரத்தில் கறுத்தது. அவள் குனிந்து மானிட்டரின் பட்டனைப் பார்த்தாள்.

“இந்தப் பொட்டு யாரு வச்சது?”

“நாந்தான்,” என்றார் நமச்சிவாயம் பெருமையாக. “ஆயுத பூஜைக்கு. என் கையால குழைச்ச சந்தனம்.”

ஜெபக்கனி ஊக்கை எடுத்துப் பட்டனின் இடுக்கைச் சுரண்டினாள். காய்ந்த சந்தனமும் குங்குமமும் கட்டியாக வந்தன. மழை ஈரத்தில் ஊறிப்போய், அமுக்கின பட்டனை மேலே வரவிடாமல் பிடித்திருந்தது அதுதான். பட்டன் உள்ளேயே நின்றதால் மானிட்டர் தானாக அணைவதும் எரிவதுமாக இருந்தது. பட்டன் டக்கென்று எழும்பியது. ஸ்கிரீன் வந்தது.

“சரியாயிட்டுல்லா! போயிட்டு வாங்க,” என்றார் நமச்சிவாயம்.

“சார், அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூப்பிடுங்க,” என்றார் உலகநாதன்.

“ஒரு பொட்டுக்காக என் மச்சினனை எந்திரிக்கச் சொல்லுதீரா? நல்லா இருக்கே கதை! சீட்டு எழுதினது நானா வே?”

கடைக்கு வந்ததும் உலகநாதன் கேட்டார்.

“நான் எங்க டீச்சர் தப்புப் பண்ணினேன்?”

“பெட்டியை மட்டும் கொண்டுவந்தீங்க.”

“ஊரே அப்படித்தானே கொண்டுவருது?”

“ஆமா. அதனால முதல் வரி தப்பாப் போச்சு. அது யாருக்கும் வாரதுதான்.” ஜெபக்கனி பழைய சீட்டின் அடிக்கட்டையை அவர் பக்கம் திருப்பினாள். “ரெண்டாவது வரியை எதை மாட்டி டெஸ்ட் பண்ணினீங்க?”

உலகநாதன் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

அன்றைக்கே புதுச் சீட்டு எழுதினார். பழுது மானிட்டர் பட்டனில். முத்தரசி மேல் எந்தத் தப்பும் இல்லை. முன்பு எழுதியது என் தவறு. கையெழுத்துப் போட்டு அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

முத்தரசி வாசலில் நின்றபடியே படித்தாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

“முதல் சீட்டை அவரு ஜெராக்ஸ் எடுத்து, இங்க இருக்கிற பதினோரு பத்திர ஆபீசுலயும் காட்டினாரு. நான் படியேறினாலே, நீதானம்மா அதுன்னு கேக்காங்க. இதை யாரு கொண்டுபோய்க் காட்டுவா அண்ணாச்சி? நானா?”

சீட்டைத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“வாங்க மாட்டேனுட்டா டீச்சர்,” என்றார் கடைக்கு வந்து. “நான் என்னதான் செய்ய?”

ஜெபக்கனி சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். பக்கத்துக் கடையில் பதினோரு ஜெராக்ஸ் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

உலகநாதன் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பதினொன்றிலும் அவர் கையெழுத்து இருந்தது. முகம் செத்துப்போயிற்று.

“இதை நானே கொண்டுபோய்க் கொடுத்தா, இந்த ஊருல அப்புறம் எவன் டீச்சர் எனக்கு வேலை தருவான்?”

“முத்தரசிகிட்டக் கேளுங்க அண்ணாச்சி. ஒரு மாசமா அவதான் தேடி அலையுதா.”