மாமா விட்டுப்போன வண்டி

“அம்மா, இந்தக் காரை நான் என்னதான் செய்ய?”

திருமலையப்பன் கும்பிடுகூடப் போடவில்லை. வந்தவர் உட்காரவும் இல்லை. வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

மடத்தம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது நாற்பது. கேட்டவருக்கு அறுபத்திரண்டு. பழைய சாமியார் காலமான பிறகு அந்த மலையடிவாரத்து மடத்துக்கு மடத்தம்மாதான் பொறுப்பு. தபால் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்தவர். பேச்சு தந்தி மாதிரி இருக்கும்.

“எந்தக் கார்?”

“வாசல்ல நிக்குதே, அதுதான். சங்கரலிங்கம் மாமா உயில் எழுதி வச்சுட்டுப் போன கார். முப்பத்தெட்டு வருசத்து வண்டி. ரெண்டு மாசமா எங்க கேட்டை மறிச்சுக்கிட்டு நிக்குது. கோமதிக்கு ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியலை, வித்துருங்கா. விக்கக் கூடாதுன்னு என் தங்கச்சி உலகம்மை ஒத்தக்கால்ல நிக்கா. சித்தி மகன் ராமசுப்பு, தனக்குக் குடுங்கான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

மடத்தம்மா வாசலை எட்டிப் பார்த்தார்.

“வெயில்ல நிக்குது. நிழல்ல விடுங்க.”

அவ்வளவுதான். மறுபடி கீரைக்குப் போய்விட்டார்.

திருமலையப்பன் வீட்டுக்குப் போய் அப்படியே சொன்னார்.

“நம்ம வீட்ல ஏது நிழல்?” என்றாள் மனைவி கோமதி. “விக்கத்தான் சொல்லியிருக்காக.”

“ஷெட் போடச் சொல்லியிருக்காக, அண்ணே. இதுகூடவா விளங்கலை?” என்றாள் உலகம்மை.

ராமசுப்பு போனிலேயே சிரித்தான். “எங்க வீட்டு வாசல்ல எவ்வளவு பெரிய வேப்பமரம் நிக்குது அண்ணே! அம்மாவுக்கு எல்லாம் தெரியுது பாத்தீகளா?”

அன்று இரவு அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை திருமலையப்பன் மறுபடி வந்தார். இந்தத் தடவை முழங்காலோடு கழுத்தும் சேர்ந்துகொண்டிருந்தது. தைல வாடை அவருக்கு முன்னால் வந்தது.

“அம்மா, நீங்க சொன்ன நிழலுக்கு எங்க ஆளுக மூணு பேரும் ஆளுக்கொரு அர்த்தம் சொல்லுதாக. நிழலெல்லாம் வேண்டாம். விக்கவா, வச்சுக்கிடவா? ரெண்டுல ஒண்ணு.”

“யாருக்குச் சொல்லணும்?”

“வீட்லதான். நீங்க சொல்லிட்டீகன்னா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாக.”

“அப்படின்னா நான் சொன்னேன்னு நீங்களே எதையாவது சொல்லிடுங்க.”

திருமலையப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “அது பொய்யில்லையா?”

“போன வாரம் உங்க வீட்ல மூணு பேரு அதத்தான செஞ்சாங்க.”

“நான் செய்யலையே!”

“ஆமா. நீங்க இங்க வந்துட்டீங்க.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கார் மூன்றாவது முயற்சியில்தான் கிளம்பியது. மடத்துக் கோழிகள் சிதறி ஓடின.

இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று கோமதியிடம் சொன்னார். சொல்லி ஏழாவது நாள் போய் நின்றார்.

“இதுதான் கடைசி,” என்றார். “நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வண்டியைப் பாக்க ஆள் வாரான். கோமதி வரச் சொல்லிட்டா. இன்னைக்கு எனக்கு பதில் வேணும்.”

மடத்தம்மா ஒரு சாக்குப்பையைக் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே மிளகாய் வத்தல்.

“பஸ் போயிருச்சு. மில்லை ஒரு மணிக்கு மூடிருவான். வத்தல் திரிக்கணும். கொண்டு விடுறீங்களா?”

“நான் கேட்டது...”

“போற வழியில கேளுங்க.”

மடத்தம்மா பையோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

திருமலையப்பன் முன்கதவைத் திறந்தார். ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவான ஆள். தலையை முதலில் நுழைத்து, பிறகு தோளை, பிறகு ஒவ்வொரு காலாக மடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். வயிறு ஸ்டியரிங்கில் முட்டியது. ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் முழங்கால் எதிலோ இடித்தது. ஒவ்வொரு தடவையும் ‘ச்சை’ என்றார்.

ஜன்னலைத் திறந்தால் புழுதி. மூடினால் வத்தல் நெடி. இரண்டு பேரும் மாறி மாறித் தும்மினார்கள்.

குளக்கரை திரும்பியதும் திருமலையப்பன் தாமாகவே ஆரம்பித்தார்.

“பதினோரு வருசத்துக்கு முன்ன என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான். வேற யாரும் தொடக் கூடாது, நானேதான் ஓட்டுவேன்னு மாமா ஏறி உக்காந்துட்டாரு. பிள்ளையார் கோயில்ல இருந்து கிளம்பி நாலு வீடு தாண்டலை. வண்டி நின்னு போச்சு. மேளக்காரன் பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே முன்னால போயிட்டான். பிறகு மாப்பிள்ளையை இறக்கி நடத்திக் கூட்டிட்டுப் போனோம்.”

மடத்தம்மா தும்மினார்.

“சம்பந்தி பக்கத்துல நிக்காரு. எனக்கு மானம் போகுது. ‘இந்த ஓட்டை வண்டியையும் ஓட்டத் தெரியாத ஆளையும் எவன் கூப்பிட்டான்’னு கேட்டுட்டேன். அத்தனை பேரு முன்னால.”

“யாரு கூப்பிட்டது?”

“நான்தான்.”

எதிரே வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டார்.

“அன்னைக்கு வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போனவரு, பிறகு என் வீட்டு வாசப்படி மிதிக்கலை. நானும் போகலை. பிள்ளை இல்லாத மனுசன். கொள்ளி வைக்க ராமசுப்பு, வீடு கோயிலுக்கு. உயில்ல என் பேருக்கு ஒரே வரி. ‘என் காரை மருமகன் திருமலையப்பனுக்கு.’ வேற ஒரு வார்த்தை இல்லை.”

முழங்கால் இடித்தது. ‘ச்சை.’

“மன்னிச்சுக் குடுத்தாரா? இல்ல, இந்தா, நீதான் ஓட்டிப் பாரேன்னு குடுத்தாரா? அது தெரிஞ்சா நான் முடிவு பண்ணிருவேன். மன்னிச்சிருந்தா வச்சுக்கிடுவேன். குத்திக்காட்டக் குடுத்திருந்தா நாளைக்கே தள்ளி விட்டுருவேன். சொல்லுங்கம்மா. ஏன் குடுத்தாரு?”

“தெரியாது.”

“தெரியாதா?”

“நான் அவரைப் பாத்ததே இல்லையே.”

திருமலையப்பன் ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தார். “மூணு வாரமா முழங்காலை ஒடிச்சுக்கிட்டு வாரேன்! நிழல்ல விடுங்கிறீக, பொய் சொல்லுங்கிறீக, மில்லுக்குப் போங்கிறீக! தெரியாதுன்னு முதல் நாளே சொல்லித் தொலைச்சிருந்தா...”

அந்த ஆத்திரத்தில் அவர் வண்டியை வலதுபக்கம் ஒடித்தார். பின்னால் காதைக் கிழிக்கிற ஹாரன். ஒரு டவுன் பஸ் உரசாமல் உரசி முந்திக்கொண்டு போய், நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

“வே பெரியவரே! பின்னால இவ்வளவு பெரிய பஸ் வாரது தெரியலையா? கண்ணாடியை எதுக்கு வச்சிருக்கீரு, பொட்டு வைக்கவா?”

பஸ் போய்விட்டது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரித்ததும் அதோடு போனது.

திருமலையப்பன் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. “கண்ணாடில என்ன தெரியுது?”

“உங்க வத்தல் மூட்டை.”

“ரோடு?”

“தெரியாது. மாமா வச்சபடியே இருக்கு. அவரு அஞ்சடி ஆளு.”

“சீட்டு?”

“அதுவும் அவரு வச்சதுதான்.”

“துருப் பிடிச்சு இறுகிருச்சோ?”

திருமலையப்பன் சீட்டின் ஓரத்தைப் பார்த்தார்.

“தெரியாது,” என்றார்.

“தெரியாதா?”

“தொட்டுப் பாக்கலை. அவரு வச்சதை எப்படி...”

மடத்தம்மா சாக்குப்பையின் வாயை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார்.

வெயில் காரின் கூரையில் கொதித்தது. ரோட்டோரத்தில் ஒரு ஆடு வந்து, முன்சக்கரத்தை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

திருமலையப்பன் குனிந்தார். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். ஒரு இரும்புக் கம்பி தட்டுப்பட்டது. மேலே தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை தூக்கி, இரண்டு காலாலும் உந்தினார்.

கிறீச்சென்ற சத்தத்தோடு சீட்டு பின்னால் போனது. நாலு விரற்கடை. பிறகு இன்னும் நாலு. மடத்தம்மா தம் முழங்காலை ஒதுக்கிக்கொண்டார்.

திருமலையப்பனின் கால்கள் நீண்டன. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக முதுகு சாய்ந்தது. ஸ்டியரிங் கை எட்டுகிற தூரத்தில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

பிறகு கையை உயர்த்தி, விரல் நுனியால் கண்ணாடியைத் திருப்பினார். வத்தல் மூட்டை மறைந்தது. குளக்கரையும், வந்த ரோடும், ரோட்டின் மேல் இன்னும் அடங்காத புழுதியும் தெரிந்தன.

சட்டைப்பையில் போன் அடித்தது. கோமதி.

“ஏங்க, நாளைக்கு வரலாமா வேண்டாமான்னு அந்த ஆள் கேக்கான். உங்க தங்கச்சி வேற இங்க வந்து உக்காந்திருக்கா. ராமசுப்புவும் நிக்கான். அம்மா என்ன சொன்னாக?”

திருமலையப்பன் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் ஒரு வண்டியும் வரவில்லை. அவர் சாவியைத் திருப்பினார்.

“அம்மா ஒண்ணும் சொல்லலை, கோமதி. போனை ஸ்பீக்கர்ல போடு. நான் சொல்லுதேன்.”