இருபது எழுத்தும் மூன்று புள்ளியும்

தென்காசியில் என் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், இணையப் பக்கம் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. பிச்சாண்டி, லூர்து, இசக்கி என்று மூன்று பேர் அங்கே வேலை. சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தொல்லையே அதுதான்.

அரிசிக்கடை பால்வண்ணன் அண்ணாச்சி தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகையே அடிக்கவில்லை. எல்லாம் இவர்கள் செய்யும் இணையப் பக்கம்தான். மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூர்க்காரர்கள். பக்கத்தைப் பார்த்துத்தான் மண்டபத்துக்கு வரவேண்டும். ஆனியின் கடைசி முகூர்த்தம், காலை பத்தரைக்குள். தவறினால் ஆடி முழுக்கக் காத்துக் கிடக்கவேண்டும்.

நீளமான வரிகள் போன் திரையில் வழிந்தன. அதற்காக முதலாளி கனகசபை ஒரு சின்ன நிரல் எழுதி, கத்தரி என்று பெயர் வைத்திருந்தார். எந்த வரியைக் கொடுத்தாலும் முதல் இருபது எழுத்தை வைத்துக்கொண்டு, மிச்சத்தை வெட்டி மூன்று புள்ளி வைக்கும். இடைவெளியும் அதற்கு ஓர் எழுத்துதான். சென்னைக்குக் கிளம்பும் அவசரத்தில் முதலாளி அந்தக் கல்யாணப் பக்கத்தின் கோப்பு உச்சியில் குறிப்பு அடித்துவிட்டுப் போனார்: "எல்லாத்துக்கும் கத்தரி போடுங்க. முகவரிக்கு மட்டும் வேண்டாம்."

பிச்சாண்டி முதல் வாக்கியத்தை வாசித்ததும் மூன்று பேரும் வேலைக்கு எழுந்துவிட்டார்கள்.

"எல்லாத்துக்கும்னா, இந்தக் குறிப்புக்குமாடே?" என்று கேட்டான் லூர்து.

"குறிப்பு மட்டும் எல்லாத்துல சேராதோ? முதலாளி எழுதுனதுலா. முதல் மரியாதை அதுக்குத்தான்" என்றான் இசக்கி.

குறிப்புக்குக் கத்தரி போட்டார்கள். "எல்லாத்துக்கும் கத்தரி போடுங்க. ..." என்று நின்றது.

"எவ்வளவு தெளிவா எழுதுதாரு பாரு!" என்று பிச்சாண்டி உருகிப்போனான்.

அடுத்தது முகவரி. "புதுப் பேருந்து நிலையத்துக்கு எதிரே போகும் சாலையில் நான்கு கிலோமீட்டர் தள்ளி, அன்னக்கிளி மஹால்" என்று இருந்தது. கத்தரி போட்டதும் "புதுப் பேருந்து நிலையத்துக்கு எதிரே..." என்று அடக்க ஒடுக்கமாகத் திரைக்குள் உட்கார்ந்துகொண்டது. மூன்று பேரும் டீ குடிக்கப் போனார்கள்.

கல்யாணத்தன்று ஒன்பதரைக்கு அண்ணாச்சி போனில் அலறினார். மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவரைக்கூடக் காணவில்லையாம். மூன்று பேரும் பேருந்து நிலையத்துக்கு ஓடினார்கள். நானும் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

நிலையத்துக்கு நேர் எதிரே இருப்பது பஞ்சர் கடை. அங்கே நாற்பது பேர் பட்டு உடுத்தி டயர்களின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் லாரி டயர். கொண்டுவந்த சீர்த்தட்டுகளை ஜாக்கியைச் சுற்றி வரிசையாக வைத்திருந்தார்கள்.

"ஏனுங்க, எதிரேன்னு போட்டு மூணு புள்ளி வெச்சிருக்குதுங்க. எதிரே வந்துட்டோமுங்க. அந்தப் புள்ளியைத்தான் காணோமுங்க" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமா.

மண்டபத்துக்கு வழி சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். பிச்சாண்டி தடுத்துவிட்டான்.

"இணையப் பக்கத்துல இல்லாத இடத்தை நாம எப்படிச் சொல்ல? அது பொய்யில்லா?"

"அப்ப பக்கத்துல போட்டிருக்க இடத்துக்குத்தான் கல்யாணம் வரணும்" என்றான் இசக்கி.

லூர்து அண்ணாச்சிக்குப் போன் போட்டு, "கல்யாணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நடக்குது. பொண்ணோட வாங்க" என்றான்.

வேறு வழி? பெண், ஐயர், நாதஸ்வரக்காரர் எல்லாரும் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். பத்து இருபத்தைந்துக்குத் தாலி ஏறியது. கெட்டிமேளத்தோடு பஞ்சர் கடைக்காரரும் தன் குழாயிலிருந்து காற்றைப் பீச்சினார். மணப்பெண் சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று பேரிடமும் வந்தார்.

"அடப்பாவிகளா, என் பொண்ணு கல்யாண"

விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்த இசக்கி, இருபது ஆனதும் அவர் வாயைப் பொத்தினான். பிச்சாண்டி சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, அவர் கன்னத்தில் வரிசையாக மூன்று புள்ளி வைத்தான்.

லூர்து தாய்மாமாவைப் பார்த்துக் கைதட்டிக் கூப்பிட்டான்: "மாமா, நீங்க தேடுன புள்ளி கெடச்சிட்டு! வாங்க!"