அரண்மனைக்குக் குடிவந்த அரசர்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அதன் பெயர் எதுவானாலும் கதைக்குக் குறைவில்லை. அரசர் பெயர் கனகசேனர். நல்ல மனிதர்தான். ஆனால் ஓர் ஆசை வந்துவிட்டால் அது தீரும்வரை அவருக்குச் சோறு இறங்காது. பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போனவர், அங்கே ஒரு பளிங்கு ஊஞ்சலில் ஆடிவிட்டு வந்தார். ஊர் திரும்பியதும் குளிக்கக்கூட இல்லை, சபையைக் கூட்டிவிட்டார்.

"எனக்கும் ஒரு பளிங்கு ஊஞ்சல் வேண்டும். கருவூலத்தில் எவ்வளவு இருக்கிறது?"

கருவூலக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அதுவே பதில்.

"அப்படியானால் செலவைக் குறையுங்கள். தண்ணீர், சலவை, விறகு, விளக்கெரிக்க எண்ணெய் என்று மாதாமாதம் சேவைக்கூடத்துக்குக் கொட்டிக் கொடுக்கிறோமே, அது பாதியாக வேண்டும். ஆனால் ஒரு குடம் தண்ணீர் குறையக்கூடாது. ஒரு விளக்கு அணையக்கூடாது. என் வேட்டியில் ஒரு மடிப்புக்கூடக் கலையக்கூடாது."

சபையில் இருந்த கண்களெல்லாம் அமைச்சர் உலகளந்தார் பக்கம் போயின. காரணம் உண்டு. ஊரில் தண்ணீர் சுமப்பவர், துணி வெளுப்பவர், விறகு விற்பவர், எண்ணெய் விற்பவர் எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்து, சேவைக்கூடம் என்று பெயர் வைத்து, அரசரிடம் முத்திரையும் வாங்கி நடத்தி வந்தவர் அவர்தான். விலையைக் குறைத்தால் அவர் மடியில்தான் கை விழும்.

உலகளந்தாருக்கு இன்னொரு மனக்குறையும் இருந்தது. அவர் நீளமாகப் பேசினால் அரசர் கொட்டாவி விடுவார். விகடகவி தாண்டவன் இருமினாலே அரசர் சிரிப்பார். இரண்டு குறையையும் ஒரே நாளில் தீர்த்துக்கொள்ள அவருக்கு அப்போது வழி தெரிந்தது.

"மகாராஜா, கூடத்தின் விலை விதிப்படி போட்டது. அதை மாற்ற அடியேனுக்கே உரிமை இல்லை. ஆனால் நம் தாண்டவனாரின் புத்திக்கு முன்னால் விதி எம்மாத்திரம்? அவரிடம் ஒப்படைக்கலாமே."

"நல்ல யோசனை. தாண்டவா, வருகிற அமாவாசையன்று பொழுது சாய்வதற்குள் முடித்துவிடு."

"முடியாவிட்டால், மகாராஜா?" உலகளந்தார் மிக மென்மையாகக் கேட்டார்.

"நீரே சொல்லும்."

"என் வீட்டுக்குத் தண்ணீர் சுமக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. ஆயுள் முழுவதும்."

அரசர் விளையாட்டாகத் தலையசைத்தார். அரசர் எப்படித் தலையசைத்தாலும் அது ஆணை. தாண்டவன் சிரித்துக்கொண்டே கும்பிட்டான். 

நேராகச் சேவைக்கூடத்துக்குப் போனான். அங்கே எண்ணெய் வழியும் முகத்தோடு ஒரு கணக்கர் உட்கார்ந்திருந்தார்.

"அரண்மனைக்கு விலையைக் கொஞ்சம் பார்த்துப் போடக்கூடாதா, ஐயா?"

"அரண்மனையா? அது எங்களுடைய பொன் வாடிக்கை ஆயிற்றே. கூடம் தொடங்கிய நாளிலிருந்தே பழக்கம். அவர்களுக்குத் தனி மரியாதை உண்டு."

"மரியாதை என்றால்?"

"பொங்கலுக்கு ஒரு தேங்காய் அனுப்புவோம்."

"அந்தத் தேங்காயை நீங்களே வைத்துக்கொண்டால் விலை குறையுமா?"

"குறையாது. மரியாதைக்கென்று ஒரு கட்டணம் உண்டு, அது ஏற்கெனவே விலையில் சேர்ந்திருக்கிறது."

"சரி, வேண்டாம் என்று நின்றுகொண்டால்?"

கணக்கர் அன்போடு சிரித்தார். "நின்றுகொண்டு எங்கே போவீர்கள்? ஊரில் வேறு கூடம் ஏது?"

தாண்டவன் வாடிப்போய் வீட்டுக்கு நடந்தான். மேட்டுத் தெருவில் அவன் குடிவந்தே சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வாசலில் ஒரே கூச்சல். தண்ணீர் வண்டிக்காரனான சங்கிலி தன் மாட்டைப் பிடித்தபடி நின்றான். தாண்டவன் மனைவி பூங்காவனமும், பக்கத்து வீட்டுத் தையல்நாயகியும் அவனை இரண்டு பக்கமும் மறித்து நின்றார்கள்.

"ஏம்ப்பா சங்கிலி, இருவது வருசமா உன்கிட்டதான் தண்ணி வாங்கறேன். நேத்து வந்த பூங்காவனத்துக்குப் பாதி விலை, எனக்கு முழு விலையா? அவ வீட்டுத் தண்ணி என்ன பாதி ஈரமா?"

"அக்கா, என்னை ஏன் கேக்கறீங்க? கூடத்துல சொன்னபடி வாங்கறேன். புதுக்குடின்னா முதல் வருசம் பாதி. அப்புறம் பழகிடுவாங்க. பழகினவங்க எங்க போகப்போறாங்க?"

"அப்போ பழகினது என் தப்பா?"

"அப்படித்தாங்க விலை போட்டிருக்காங்க."

பூங்காவனம் கணவனைப் பார்த்துவிட்டாள். "ஏங்க, நீங்களாச்சும் நியாயத்தைச் சொல்லுங்க. எனக்கு இந்தப் பாதி விலைத் தண்ணி தொண்டையில இறங்கவே மாட்டேங்குது. அக்கா முகத்தைப் பார்த்துக் குடிக்கணும்ல."

தாண்டவன் நியாயம் சொல்லவில்லை. சங்கிலியின் தோளைப் பிடித்துக்கொண்டான். "சங்கிலி, புதுக்குடி என்றால் யார்? சரியாகச் சொல்."

"ஊருக்கே முரசடிச்சுச் சொன்னதுதானே, சாமி. சட்டி பானையோட ஒரு ராத்திரி வேற கூரைக்குக் கீழ படுக்கணும். மறுநாள் பொழுது சாயறதுக்குள்ள ஒரு வீட்டுல நுழைஞ்சு, வீட்டுக்காரரே பால் காய்ச்சணும். பால் பொங்கி வழியணும். எங்க ஆள் பார்த்துட்டுத் தூண்ல மஞ்சக் கை பதிப்பாரு. அவ்வளவுதான், அவங்க புதுக்குடி."

"நுழைகிற வீடு புது வீடாக இருக்க வேண்டுமா?"

சங்கிலி யோசித்தான். மாடுகூட யோசிப்பதுபோல் நின்றது. "அப்படி ஒண்ணும் சொல்லலியே, சாமி."

தாண்டவன் வண்டியைச் சுற்றி ஒரு குதி குதித்தான். பூங்காவனம் தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் அவன் தெருமுனையைத் தாண்டி அரண்மனைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தான்.

"மகாராஜா, அமாவாசைக்கு முதல் நாள் தாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்."

"எந்த வீட்டை?"

"இந்த வீட்டைத்தான். மறுநாள் குடிவரலாம்."

"எங்கே?"

"இங்கேதான்."

விஷயத்தைக் கேட்டதும் அரசர் சிம்மாசனத்தை விட்டு எழுந்துவிட்டார். பளிங்கு ஊஞ்சல் பாதி மறந்துபோனது. பிறந்ததிலிருந்து அவர் வீடு மாறியதே இல்லை. அரசியோ அவரைவிட வேகம். "கலியாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொல்கிறேன். இப்போதாவது நகரட்டும்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அந்த மாதிரி ஓர் ஊர்வலத்தை அந்த ஊர் பார்த்ததில்லை. அண்டா, குண்டா, உரல், உலக்கை, முறம், ஊறுகாய் ஜாடி என்று எல்லாம் யானைமேல் ஏறி மாந்தோப்புக் கூடாரத்துக்குப் போயின. சேனாதிபதி துடைப்பக்கட்டை ஒன்றை வாள்போல் பிடித்து நடந்தார். அரசர் தம் தலையணையைத் தாமே சுமந்தார், யார் கேட்டும் கொடுக்கவில்லை. அன்றிரவு எல்லாரும் கூடாரத்தில் படுத்தார்கள். கொசு கடித்தது. அரசர் அதையும் ரசித்தார்.

சேதி தெரிந்தபோது உலகளந்தாருக்குச் சிரிப்பு வரவில்லை. இரவோடு இரவாகக் கணக்கரைக் கூப்பிட்டார். மறுநாள் அரண்மனை அடுப்புக்குக் கூடத்திலிருந்துதானே விறகு போக வேண்டும்? போயிற்று. குளத்தில் ஊறிய விறகு.

அமாவாசை மாலை. அரசர் குலதெய்வத்தின் விளக்கை ஏந்தியபடி வாசலில் நின்றார். பக்கத்தில் அரசி. தாதியின் இடுப்பில் கைக்குழந்தை இளவரசன். பின்னால் ஊரே நின்றது. மஞ்சள் கிண்ணத்தோடு கூடத்து ஆளும், சாட்சிக்கு வந்ததாகச் சொல்லி உலகளந்தாரும் முன்னால் நின்றார்கள். வலதுகாலை வைத்து அரசர் தம் வீட்டுக்குள் நுழைந்தார். முற்றத்தில் அடுப்பு மூட்டி, பெரிய வெண்கலப் பானையில் பாலை ஊற்றி, குனிந்து ஊதினார்.

புகை வந்தது. நெருப்பு வரவில்லை. அரசர் மறுபடி ஊதினார். கிரீடம் சரிந்து மூக்கில் நின்றது.

"விறகு கொஞ்சம் ஈரம் போலிருக்கிறது" என்றார் உலகளந்தார். "மழைக்காலம், மகாராஜா."

"மழை பெய்து மூன்று மாதமாகிறதே, அமைச்சரே" என்றாள் அரசி.

பக்கத்து வீடுகளிலிருந்து காய்ந்த விறகு கொண்டுவர ஆட்கள் ஓடினார்கள். எல்லா வீட்டிலும் கூடத்து விறகுதான், அன்று எல்லா வீட்டுக்கும் ஊறிய விறகுதான் போயிருந்தது. சூரியன் கோட்டை மதிலைத் தொட்டுவிட்டது. பால் கை பொறுக்கும் சூட்டில்கூட இல்லை. கூட்டத்தில் பூங்காவனம் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றாள். உலகளந்தார் தாண்டவன் காதருகே வந்தார்.

"எங்கள் வீட்டுக் கிணறு கொஞ்சம் ஆழம், தாண்டவனாரே. நாளைக்கு வரும்போது நல்ல கயிறாகக் கொண்டு வாரும்."

தாண்டவனின் கண் தாதியின் பக்கம் போயிருந்தது. புகையில் அழுத குழந்தையை அடக்க, அவள் வெள்ளிப் பாலாடையில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அகலம்கூட இல்லாத பாலாடை. அதில் இன்னும் இரண்டு மடக்குப் பால் மிச்சம் இருந்தது.

"தாயே, இளவரசர் ஒரு நிமிடம் பொறுப்பாரா?"

பாலாடையை வாங்கினான். அதன் பிடியை மேல்துண்டால் சுற்றி அரசர் கையில் கொடுத்தான். "மகாராஜா, அடுப்பை விடுங்கள். தாங்கள் கொண்டுவந்த விளக்கு எரிகிறதே, அதன்மேல் காட்டுங்கள்."

அரசர் காட்டினார். வெள்ளி சட்டென்று சூடேறியது. பாலில் ஒரு நடுக்கம், ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி. பிறகு வெள்ளையாக எழும்பி, பாலாடையின் மூக்குவழியே வழிந்து, சுர்ரென்று சுடரில் விழுந்தது. மதிலின்மேல் சூரியன் இன்னும் ஒரு கீற்று மிச்சம் இருந்தது.

பெண்கள் போட்ட குலவையில் மாடத்துப் புறாக்களெல்லாம் பறந்தன.

"இது செல்லாது" என்றார் உலகளந்தார். "இரண்டு மடக்குப் பாலா ஒரு பால் காய்ச்சு?"

"எத்தனை படி என்று விதியில் உண்டா, ஐயா?"

"இல்லை. ஆனால் அரசர் எப்படிப் புதுக்குடி ஆவார்? அவருடைய தாத்தா பிறந்த வீடு இது."

தாண்டவன் முரசறைபவரைக் கூப்பிட்டான். "அன்று ஊருக்குச் சொன்னதை இன்று ஒரு முறை சொல்லும்."

முரசறைபவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அரசர் முதல் ஆண்டி வரை, எவரேனும், எந்த வீட்டிலேனும்..."

"போதும்" என்றார் அரசர். முகமெல்லாம் கரி. "என் முத்திரை போட்ட விதி. அதை நானே மீறினால் ஊர் என்ன சொல்லும்? பதியும் மஞ்சள் கையை."

கூடத்து ஆள் தன் எஜமானரைப் பார்த்தான், அரசரைப் பார்த்தான், தூணில் கையைப் பதித்தான்.

கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த முற்றத்தில் நின்றது ஊர் முழுவதும் அல்லவா? எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே தையல்நாயகி எதிர்வீட்டுக்காரியிடம், "ஏண்டி, இன்னிக்கு ராத்திரி நீ எங்க வீட்டுல படுத்துக்கோ, நான் உங்க வீட்டுல படுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னது தெருத்தெருவாகப் பரவியது. அன்று இரவு அந்த ஊரில் ஒருவரும் தம் வீட்டில் படுக்கவில்லை. குயவர் தெரு தச்சர் தெருவில் படுத்தது. மாமியார்கள் சம்பந்தி வீட்டில் வேண்டா வெறுப்பாகப் பாய் விரித்தார்கள். விடிந்ததும் எல்லாரும் சட்டி பானையோடு அவரவர் வீட்டுக்கே குடிவந்து, விளக்குச் சுடரில் கரண்டிப் பால் காய்ச்சினார்கள்.

மறுநாள் சபை கூடியபோது உலகளந்தார் தலைப்பாகை அவிழ்ந்து தோளில் தொங்க ஓடிவந்தார்.

"மகாராஜா, காப்பாற்ற வேண்டும். ஊரில் ஒரு பழைய வாடிக்கைகூட மிச்சமில்லை. மஞ்சள் தீர்ந்துவிட்டது. கை பதித்த ஆளுக்குத் தோள் இறங்கிவிட்டது."

"அடுத்த வருடம் முழு விலை வாங்கிக்கொள்ளுமே" என்றார் அரசர்.

"அடுத்த வருடமும் மாறுவோம் என்கிறார்கள், மகாராஜா. திருவிழாபோல் நன்றாக இருந்ததாம்."

அரசருக்கு அடக்க முடியவில்லை. சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சபை முழுவதும் தொற்றிக்கொள்ளும்படி சிரித்தார். சிரித்து ஓய்ந்தபிறகு ஆணையிட்டார். பழையவருக்கும் புதியவருக்கும் இனி ஒரே விலை, அது அந்தப் பாதி விலை. மரியாதைக் கட்டணம் கிடையாது. வேண்டாம் என்பவர் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றே நிறுத்திவிட வேண்டும். கட்டுப்படியாகவில்லை என்றால் கூடத்தைச் சங்கிலியும் மற்றத் தொழிலாளரும் சேர்ந்து நடத்திக்கொள்ளட்டும். உலகளந்தார் கட்டுப்படியாகும் என்று உடனே சொல்லிவிட்டார்.

"தாண்டவா, நீ தண்ணீர் சுமக்க வேண்டாம்" என்றார் அரசர். "உனக்கு மாதம் ஒரு பொற்கிழி, ஆயுள் முழுவதும் வீடு தேடி வரும்."

தாண்டவன் குனிந்து கும்பிட்டான். "மகாராஜாவின் கருணை பெரிது. ஆனால் மாதாமாதம் வேண்டாம். நாளாக ஆக நானும் பழகிய ஆளாகிவிடுவேன், பிறகு கிழி எப்படி இளைக்கும் என்று யாருக்கும் தெரியாது. புதியவனாக இருக்கும்போதே மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள்."

அரசர் மறுபடி சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். அதோடு நில்லாமல், அந்த மாதச் சேவைக்கூடக் கட்டணத்தில் மிச்சமாகி, ஊஞ்சலுக்கென்று கருவூலத்தில் ஒதுக்கியிருந்த பணத்தையும் அப்படியே அள்ளிக் கொடுக்கச் சொன்னார். தாண்டவன் அதைச் சபையிலேயே உட்கார்ந்து, நிதானமாக, இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தான்.