குன்றனுக்கு வால் வந்த வழி

வானத்தில் இருந்தவர்கள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது வால்நட்சத்திரத்துக்கு வால் கிடையாது. குன்றன் என்று பெயர். கரிய ஓட்டுக்குள் பனியை அடைத்துக்கொண்டு, வெகுதொலைவில் குளிரில் திரிந்துகொண்டிருந்தான். அந்தப் பனிதான் அவன் உடம்பு, உயிர், சொத்து எல்லாம்.

குன்றனுக்கு எதிலும் சந்தேகம். முதலில் வெளிச்சத்தின் மேல். சூரியனிடமிருந்து புறப்படும் வெளிச்சம் அவன் இருப்பிடத்துக்கு வந்துசேர நேரம் பிடிக்கும். ஆகவே, அவன் கண்ணில் படுவது எப்போதும் பழைய சூரியன்தான்.

"இந்த நிமிஷம் அந்த ஆள் என்ன செய்துகிட்டிருக்காரோ, யார் கண்டது?" என்று முணுமுணுப்பான்.

அடுத்தது, தன் நடையின் மேலேயே. யாரும் கூப்பிடாமல் அது சூரியன் பக்கம் போனது. நெருங்க நெருங்க ஓட்டமாகியது. சூரியனை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினால் தளர்ந்தது. ஊர் வந்து ஓய்ந்த பிறகு மறுபடியும் அதே இழுப்பு. இழுக்கிறவருக்கு ஏதோ காரியம் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

ஒருமுறை அப்படிப் போகையில், சூரியனுக்கு அடுத்த வீட்டுக்காரனான புதனைப் பார்த்தான். காய்ந்து, உடம்பெல்லாம் தழும்பாக இருந்தான் புதன்.

"என்னப்பா இந்தக் கோலம்?"

"எனக்கும் போர்த்திக்கக் காத்து இருந்துச்சு, அண்ணே. இப்ப இல்லை."

"யார் எடுத்தது?"

"நான் யார் பேரையும் சொல்லலையே! பக்கத்திலேயே குடியிருக்கிறவன் நான்." புதன் குரலைத் தாழ்த்தினான். "உங்க பனி பத்திரமா இருக்கா? திறந்து பார்த்தீங்களா?"

குன்றன் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. நேரே சூரியனிடம் போனான்.

"ஐயா, என் பனியிலே கை வெச்சீங்களா?"

"எனக்கு எதுக்குப்பா பனி? இங்கே கொண்டுவந்து எங்கே வைக்கிறது?" சூரியன் சிரித்தார்.

"எல்லாருக்கும் வெளிச்சத்தைச் சும்மா வாரிக் கொடுக்கிறீங்க. சும்மா யாராவது கொடுப்பாங்களா?"

"சந்தேகம்னா ஊருக்குப் போய்த் திறந்து பாரு. என் முன்னாலே மட்டும் திறக்காதே."

அந்தக் கடைசி வார்த்தைதான் குன்றனைக் கிளப்பிவிட்டது. ஊரிலோ கும்மிருட்டு. அங்கே திறந்தால் உள்ளே என்ன தெரியும்? இருட்டில் பார்க்கச் சொல்கிறவர் எதை மறைக்கிறார்?

அங்கேயே, சூரியனுக்கு எதிரிலேயே, ஓட்டைப் பிளந்தான்.

பனி முழுசாக இருந்தது. ஒரு துளிகூடக் குறையவில்லை. அதைப் பார்த்து அவன் மூச்சுவிடுவதற்குள் பனி பொங்கி, ஆவியும் தூசியுமாகக் கிளம்பியது. வெளிச்சத்துக்குத் தொட்டதைத் தள்ளும் குணம் உண்டு. ஓடு மூடியிருந்தவரை குன்றனுக்கு அது உறைத்ததில்லை. இப்போது அது கிளம்பிய தூசியையெல்லாம் அவனுக்குப் பின்னால் நெடுந்தூரம் தள்ளிக்கொண்டு போனது.

"மூடு! மூடு!" என்று சூரியன் கத்தினார்.

"திருடன்! திருடன்!" என்று குன்றன் கத்தினான்.

புதன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

பிளந்த ஓடு மறுபடி சேரவில்லை. திரும்பிப் போகும்போது குன்றன் சூரியனுக்கு முதுகைக் காட்டவில்லை. பார்வையை அவர்மேல் வைத்தபடியே பின்வாங்கினான். சிந்திய பனி அவனுக்கு முன்னே ஊர்போய்ச் சேர்ந்தது. குளிரில் ஒழுகல் நின்ற பிறகு அவனுக்கு ஒரே யோசனைதான்: அடுத்த தடவை கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

வரும்போது பின்னாலும் போகும்போது முன்னாலுமாக வால்நட்சத்திரத்தின் வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நீள்வது அன்றிலிருந்துதான். திருடனைப் பிடிக்க வரும் ஒவ்வொரு முறையும் அது இன்னும் கொஞ்சம் இளைத்துத்தான் வீடு திரும்புகிறது.