நூலாய்ப் போன தாய்க்குழாய்

கருவேலங்கோட்டை ராஜா இரணகேசரி நல்லவர்தான். கடைசியாக யார் வந்து தன் காதைக் கடித்தார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார், அவ்வளவுதான்.

மலையேரியிலிருந்து சுடுமண் குழாய் பதித்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார் அவர். குழாய் எங்காவது உடைந்தால் காவலாள் ஓடிப்போய் அடைக்க வேண்டுமே, அதற்கு ஒரு படம் வேண்டும் என்றார். அரண்மனை ஓவியன் நாகமுத்து வரைந்து வந்தான். ஏரியிலிருந்து வரும் தாய்க்குழாய்க்குத் தடித்த கோடு. அதிலிருந்து பிரிந்து வீடுகளுக்குப் போகும் கிளைக்குழாய்களுக்கு மெல்லிய கோடு. இதில் என்ன தப்பு இருக்கிறது, சொல்லுங்கள்.

பேரமைச்சர் திருமேனியார் எட்டிப் பார்த்தார். வந்ததே கோபம்!

"என் வீட்டுக்கு இந்த நோஞ்சான் கோடா? நான் என்ன தெருவில் போகிறவனா?"

உடனே படைத்தலைவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. அப்புறம் சபையில் ஒருத்தர் பாக்கியில்லை. ராஜா நாகமுத்துவிடம் திரும்பினார்.

"எல்லார் வீட்டுக் கோடும் தடியாக இருக்கட்டும். ஆனால் தாய்க்குழாய் எதுவென்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும்."

"அதை இன்னும் தடியாகப் போடட்டுமா, மகாராஜா?" என்றான் அவன், பாவம்.

"எங்களைவிடத் தடியாகவா?" என்று சபையே எழுந்து நின்றது.

"கூடாது," என்றார் ராஜா. "நாளைக்குள் படம் வராவிட்டால் உன் கட்டைவிரல் போய்விடும்."

விரல் போனால் பிழைப்பே போச்சு. நாகமுத்து அழுதுகொண்டே உலகுடையாரிடம் ஓடினான். ராஜாவுக்கு முன்னால் துணிந்து வாய் பேசுகிற ஒரே சபைக்காரர் அவர்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒப்பாரியை நிறுத்திவிட்டு மையைக் கரைப்பா," என்றார்.

மறுநாள் சபையில் உலகுடையாரே படத்தை விரித்தார். எல்லார் வீட்டுக்கும் உலக்கை மாதிரி கோடு. திருமேனியார் மீசையைத் தடவிக்கொண்டார்.

ராஜா குனிந்து பார்த்தார். "நடுவில் நூல் மாதிரி ஒன்று போகிறதே, அது என்ன?"

"அதுதான் தாய்க்குழாய், மன்னா. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டதே!"

"அட, ஆமாம்!" ராஜா அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விரலால் அதைத் தடவிக்கூடப் பார்த்தார்.

திருமேனியாருக்கு வயிறு எரிந்தது. அவருடைய தடிக்கோட்டை ராஜா ஏறிட்டும் பார்க்கவில்லையே! மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் ராஜாவின் காதருகே போய்விட்டார்.

"மன்னா, என் வீட்டுக் கோட்டையும் மெல்லிசாக்கச் சொல்லுங்கள்."

பின்னாலேயே படைத்தலைவர். அவருக்குப் பின்னால் மொத்தச் சபை.

ராஜா தலையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாமே மெல்லிசானால் தாய்க்குழாயை எப்படியய்யா கண்டுபிடிப்பது?"

"அதைத் தடியாக்கிவிடலாம், மன்னா," என்றார் உலகுடையார். "இனிமேல் தடிக்கோடு யாருக்கும் வேண்டாமாம்."

"வேண்டவே வேண்டாம்!" என்றது சபை.

"ஐயா, முதலில் நான் வரைந்ததும் அதே..." என்று நாகமுத்து வாயைத் திறந்தான். உலகுடையார் அவன் காலை நன்றாக மிதித்தார்.

ராஜா ஒன்றும் அசடில்லை. கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நாகமுத்து, உன் விரல் உனக்கே. போ! உலகுடையாரே, உமக்குப் பரிசு தர வேண்டும். உம்முடைய வீட்டுக்கு எப்படிப்பட்ட கோடு போடச் சொல்லட்டும்?"

"கோடு வேண்டாம், மன்னா. தண்ணீர் வந்தால் போதும்."