வெள்ளையாய்த் தெரிந்த சாமி

ஒரு மலைக்காட்டில், வனக்காவலர் செல்லப்பனின் கையில் இருட்டிலும் ஆளைக் காட்டும் ஓர் இருட்டுநோக்கி இருந்தது. அதன் நெற்றியில் ஒரு விளக்கு. அந்த ஒளி மனிதர் கண்ணுக்குத் தெரியாது. நோக்கிக்கு மட்டும் தெரியும்.

அன்றிரவு, விரதமாலை அணிந்து மலைக்கு நடந்துபோன கூட்டத்திலிருந்து தவசிமணி சாமி பிரிந்துவிட்டார். சர்க்கரைக்கு ஊசி போடுகிற உடம்பு. மத்தியானம் முதல் வாயில் ஒன்றும் படவில்லை. இன்னும் தாமதித்தால் மயங்கி விழுந்துவிடுவார். ஆற்று இரைச்சலில் கூப்பிட்டாலும் கேட்காது. குருசாமி பரமசிவம் பதறிக்கொண்டு காவலரோடு வந்திருந்தார்.

நோக்கி சீக்கிரமே காட்டிவிட்டது. தூரத்து ஆற்றங்கரைப் பாறையில் ஓர் ஆள்.

"ஒருத்தர் உட்கார்ந்திருக்கார் சாமி. ஆனா வெள்ளை வேட்டி" என்றார் செல்லப்பன்.

"எங்க சாமி கறுப்பு வேட்டி. என் கையாலதான் எடுத்துக் கொடுத்தேன்."

"அப்போ அது வழியில கடை போட்டிருக்கிறவரா இருக்கும்." நோக்கியை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

நோக்கிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஆளைக் கேட்டார்கள், காட்டினேன். வேண்டாம் என்கிறார்களே?"

"நான் பட்ட இடத்தைத்தான் நீ பார்த்தாய். பொய் எங்கிருந்து வரும்?" என்றது விளக்கு. அதற்கும் குழப்பந்தான்.

குருசாமியின் தோளில் கிடந்த கறுப்புத் துண்டு சிரித்தது. "கறுப்பைத் தேடு என்றால் வெளுப்பைக் காட்டுகிறாயே! கண் பூத்துப்போச்சா உனக்கு?"

"கறுப்பு என்றால் எது அம்மா?" என்று கேட்டது நோக்கி.

"இதென்ன கேள்வி? நான்தான் கறுப்பு!"

பாவம், நோக்கி கறுப்பைத் தேடியது. கருகிய அடிமரத்தைக் காட்டியது, செல்லப்பன் ஓடினார். ஈரப்பாறையைக் காட்டியது, அங்கும் ஓடினார். காட்டக் காட்ட ஏமாற்றம். தன் கண்ணையே நம்ப முடியாமல் தவித்தது நோக்கி.

பொறுக்க மாட்டாமல் குருசாமி சரிவில் தனியாக இறங்கினார். நோக்கி தற்செயலாக அந்தப் பக்கம் திரும்பியது.

"யாருய்யா அங்க, வெள்ளை வேட்டி?" செல்லப்பன் அதட்டினார்.

"நான்தான் சாமி!"

செல்லப்பன் டார்ச் அடித்தார். கறுப்பு. அணைத்துவிட்டு நோக்கியில் பார்த்தார். வெள்ளை. மறுபடி டார்ச். கறுப்பு.

"ஐயையோ, என்னையுமா வெளுத்துவிட்டாய்!" என்று அலறியது துண்டு.

"இந்த விளக்கொளியில் உன் கறுப்புச் சாயம் தெரிவதில்லை. எனக்கு நீ எப்பவும் இப்படித்தான்" என்றது நோக்கி மெதுவாக.

செல்லப்பன் சட்டென்று நோக்கியை ஆற்றங்கரைப் பக்கம் திருப்பினார். "சாமி, அந்தப் பாறை!"

இருவரும் விழுந்தடித்து ஓடினார்கள். தவசிமணி பாறையில் சாய்ந்து கிடந்தார். உதடு நடுங்கியது. குருசாமி வெல்லத்தைப் பொடித்து அவர் வாயில் வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கண் திறந்தது.

"இந்த இருட்டில எப்படி சாமி என்னைப் பார்த்தீங்க?"

குருசாமி அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பவே பார்த்துட்டோம் சாமி. நீங்கதான்னு ஒத்துக்கத்தான் இவ்வளவு நேரம்."